ஒரு பகுதியில் புள்ளி குறைந்தால் வைத்தியக் கல்லூரிக் கதவு மூடிவிடுமா?

சிங்கப்பூரின் வைத்தியப் பள்ளிக்கு 1905-ம் ஆண்டில் முதல் போட்டவர்கள் பெரும்பாலும் வியாபாரிகளே. டான் ஜியாக் கிம் என்ற வர்த்தகப் பிரமுகர் முன்னின்று 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்த பிறகே அப்பள்ளி எழுந்தது. அதுவே வளர்ந்து இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தின் வைத்தியக் கல்லூரியாக இருக்கிறது. அன்றைய வியாபாரிகள் கட்டிக் கொடுத்த அந்தக் கதவின் முன்னால் இன்று ஒரு பரீட்சை நிற்கிறது. அதன் பெயர் யூகேட்.

நம் வர்த்தக சகோதரர்களின் பிள்ளைகளில் வைத்தியப் படிப்பை நாடுவோர் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயம். ஆனால் பரீட்சை முடிவு கைக்கு வந்ததும் பல வீடுகளில் நடப்பது நமக்குக் கவலை தருகிறது. மொத்தப் புள்ளி சுமாராக இருக்கும். ஒரு பகுதி மட்டும் குறைந்திருக்கும். உடனே வீட்டில் இரண்டிலொரு முடிவு பிறக்கிறது. ஒன்று, "இது நமக்கு எட்டாத படிப்பு" என்று பிள்ளையை வேறு துறைக்குத் திருப்பி விடுகிறார்கள். அல்லது "பரீட்சையே வேண்டாம், இடம் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் தரகரிடம் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் அவசர முடிவுகளே. முன்னதில் பிள்ளையின் ஆசை போகிறது. பின்னதில் தகப்பனார் பல வருடம் சேர்த்த முதலே போய்விடக் கூடும்.

குறைந்த புள்ளியைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எதனோடு ஒப்பிட்டுக் குறைவு? நாம் விண்ணப்பிக்கும் கல்லூரி அந்தப் பகுதியைத் தனியாகப் பார்க்கிறதா? குறைந்த காரணம் என்ன? இம்மூன்றுக்கும் விடை காணும் வழியை இக்கட்டுரையில் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

பரீட்சையின் அமைப்பு

யூகேட் பரீட்சை 2006-ம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. முன்பு சில கல்லூரிகள் பிமேட் என்ற வேறொரு பரீட்சையைக் கேட்டு வந்தன. 2023-ம் ஆண்டோடு அது நிறுத்தப்பட்டுவிட்டதால், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்பட அக்கல்லூரிகள் பலவும் யூகேட் பக்கம் வந்துவிட்டன. சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக் கழகமும், நன்யாங் பல்கலைக் கழகத்தின் லீ கோங் சியான் வைத்தியக் கல்லூரியும் இன்று இதையே கேட்கின்றன.

2025-ம் ஆண்டு முதல் இதில் நான்கு பகுதிகள் உள்ளன. முதலாவது வாசகப் பகுதி: ஒரு வாசகத்தைப் படித்து அதிலிருந்து விடை சொல்வது, 22 நிமிடத்தில் 44 கேள்விகள். இரண்டாவது தீர்மானப் பகுதி: தர்க்கம், படம், புள்ளி விவரம் இவற்றைக் கொண்டு முடிவு காண்பது, 37 நிமிடத்தில் 35 கேள்விகள். மூன்றாவது கணக்குப் பகுதி: 26 நிமிடத்தில் 36 கேள்விகள். இம்மூன்றுக்கும் தலைக்கு 300 முதல் 900 வரை புள்ளி, மொத்தம் 2700. நான்காவது நடத்தைப் பகுதி: வைத்தியர் அல்லது மாணாக்கர் ஓர் இக்கட்டில் எப்படி நடந்து கொள்வது தகும் என்று கேட்பது, 26 நிமிடத்தில் 69 கேள்விகள். இதற்குப் புள்ளி இல்லை; முதல் தரம் தொடங்கி நான்காம் தரம் வரை தரம் பிரிக்கிறார்கள். முதல் தரமே மேலானது. இந்தத் தரம் 2700-ல் சேராது.

தப்பான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. பாடப் புத்தகத்து விஞ்ஞானமும் இதில் இல்லை. ஆகவேதான் பள்ளியில் முதன்மையாகத் தேறும் பிள்ளையும் இங்கே ஒரு பகுதியில் சறுக்கி விடுகிறது.

எதனோடு ஒப்பிட்டுக் குறைவு?

நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் சகோதரருக்கு நாம் சொல்லப் போவது எளிதில் விளங்கும். நூறு ரிங்கிட்டும் நூறு ரூபாயும் எண்ணில் ஒன்றே, மதிப்பில் ஒன்றல்ல. அன்றைய விகிதத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து எவரும் மாற்றிக் கொடுப்பதில்லை. யூகேட் புள்ளியும் அப்படித்தான். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விகிதம் உண்டு. அந்த விகிதம், அவ்வருடம் பரீட்சை எழுதிய எல்லோருடைய சராசரிப் புள்ளியாகும்.

2024-ம் ஆண்டில் வாசகப் பகுதியின் சராசரி 601. தீர்மானப் பகுதிக்கு 620. கணக்குப் பகுதிக்கு 649. அந்த ஆண்டில் உருவங்களைப் பற்றிய இன்னொரு பகுதியும் இருந்தது. 2025-ல் அதை நீக்கிவிட்டார்கள். வாசகப் பகுதியில் சராசரியே தாழ்ந்திருப்பது அந்த ஒரு வருடத்து விஷயமல்ல. முந்தைய ஆண்டுகளிலும் அப்படித்தான். நம் பிள்ளைக்கு மட்டும் அல்ல, ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள பிள்ளைகளுக்கும் அது கடினமாகவே இருக்கிறது.

கணக்கிட்டுப் பார்க்க இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு பெண்ணுக்கு வாசகம் 600, தீர்மானம் 640, கணக்கு 660, மொத்தம் 1900. ஒரு பையனுக்கு வாசகம் 480, தீர்மானம் 690, கணக்கு 740, மொத்தம் 1910. பெண்ணின் தகப்பனார், "வாசகத்தில் குறைந்து போயிற்றே" என்று வருந்துகிறார். 2024-ன் விகிதப்படி பார்த்தால் அவள் வாசகத்தில் சராசரிக்கு ஒரு புள்ளியே குறைவு. தீர்மானத்தில் 20, கணக்கில் 11 கூடுதல். அவளிடம் தனியாக ஒரு பலவீனப் பகுதி என்பதே இல்லை. மூன்றையும் சேர்த்து உயர்த்த வேண்டியதுதான் அவளுடைய வேலை. பையனோ வாசகத்தில் சராசரிக்கு 121 புள்ளி கீழே இருக்கிறான். மற்ற இரண்டில் 70-ம் 91-ம் மேலே. இவனிடம் இருப்பதே உண்மையான ஓட்டை. ஐந்தொகையில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. பேரேட்டைப் புரட்டினால் இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

ஆகவே முடிவு வந்த அன்றே அந்த ஆண்டின் சராசரிகளைத் தேடிப் பார்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே கூடுதலா குறைவா என்று எழுதிக் கொள்ள வேண்டும். இந்த விவரங்களைப் பரீட்சை நடத்துவோரே தங்கள் இணையப் பக்கத்தில் வெளியிடுகிறார்கள்.

கல்லூரி எதைப் பார்க்கிறது?

எல்லாக் கல்லூரிகளும் ஒரே தராசைப் பயன்படுத்துவதில்லை. சில, மொத்தத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்துகின்றன. சில, ஒரு குறைந்தபட்ச மொத்தத்தைக் கோடாகப் போட்டு அதற்கு மேல் உள்ளவர்களிடம் பள்ளித் தேர்ச்சியைப் பார்க்கின்றன. சில, பள்ளித் தேர்ச்சியையும் யூகேட் புள்ளியையும் விகிதம் போட்டுக் கூட்டுகின்றன. நடத்தைப் பகுதியில் நான்காம் தரம் பெற்றவரை அறவே ஏற்காத கல்லூரிகளும் உண்டு. அதைப் பொருட்படுத்தாத கல்லூரிகளும் உண்டு.

மேலே சொன்ன பையன், மொத்தத்தை மட்டும் பார்க்கும் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அவனுடைய ஓட்டை தெரியாது. பகுதிகளையும் புரட்டிப் பார்க்கும் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அது முன்னால் வந்து நிற்கும். மொத்தம் நல்லதாயிருந்தும் நான்காம் தரம் வாங்கிய பிள்ளை, அத்தரத்தை ஏற்காத கல்லூரிக்கு எழுதினால் விண்ணப்பமே வீணாகும். இந்த விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்த உறவினர் பிள்ளை சொல்வதைக் கேட்டுக் கொள்ளலாம். ஆனால் நம்ப வேண்டியது அந்தக் கல்லூரி இந்த ஆண்டு வெளியிட்டிருக்கும் விதியை மட்டுமே.

பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பரீட்சை ஜூலை முதல் செப்டம்பர் வரை நடக்கிறது. முடிவு காலதாமதமின்றிக் கிடைத்துவிடுகிறது. விண்ணப்பக் கடைசி நாளோ அக்டோபர் 15. வைத்தியப் படிப்புக்கு நான்கு கல்லூரிகள் வரை எழுதலாம். எனவே புள்ளியைக் கையில் வைத்துக் கொண்டே அதற்கு ஏற்ற நான்கைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆயினும் இங்கிலாந்தின் வைத்தியக் கல்லூரிகளில் அயல்நாட்டு மாணாக்கருக்கு ஒதுக்குவது நூற்றுக்கு ஏறக்குறைய 7.5 இடங்களே என்பதையும் மறக்கக் கூடாது.

சிங்கப்பூருக்கு விண்ணப்பிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. இங்கே விண்ணப்பங்கள் ஏ லெவல் முடிவை ஒட்டி வருடத் தொடக்கத்தில் போகின்றன. யூகேட் பரீட்சையோ அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பருக்குள் எழுதி முடித்திருக்க வேண்டும். "ஏ லெவல் முடிவு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்தவர்கள் ஒரு முழு வருடத்தை இழந்துவிடுவார்கள். கல்லூரிகள் பள்ளித் தேர்ச்சி, யூகேட், நேர்முகம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கின்றன. ஒரு பகுதியில் குறைந்தது என்பதற்காக நேர்முகத்துக்குத் தயார் செய்யாமல் இருப்பது பெரும் பிழை.

குறைந்த காரணம் என்ன?

வாசகப் பகுதியே அதிகம் பேரை வருத்துவதால் அதையே எடுத்துக் கொள்வோம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நேரம். 44 கேள்விக்கு 22 நிமிடம் என்றால் கேள்விக்கு அரை நிமிடம். வாசகத்தைப் படிக்கும் நேரமும் அதில் அடக்கம். நிதானமாகப் படிக்கும் நல்ல மாணாக்கர் பதினொரு வாசகங்களில் ஏழு எட்டைச் சரியாகச் செய்துவிட்டு மீதியைத் தொடாமலே எழுந்து வருகிறார். தப்புக்குத் தண்டனை இல்லாத பரீட்சையில் ஒரு விடையையும் காலியாக விடக் கூடாது. கடினமான கேள்வியில் ஏதேனும் ஒரு விடையைக் குறித்து, அடையாளம் இட்டு, மேலே போக வேண்டும்.

இரண்டாவது, தனக்குத் தெரிந்ததைக் கொண்டு விடை சொல்லும் பழக்கம். ஒரு மாதிரி பார்ப்போம். "கிட்டங்கியில் உள்ள வேட்டிகளில் பாதி ஈரோட்டிலிருந்து வந்தவை. ஈரோட்டிலிருந்து வந்தவை அனைத்தும் பருத்தி." இது வாசகம். "கிட்டங்கியில் உள்ள வேட்டிகளில் பாதி பருத்தி அல்ல" என்பது கூற்று. இது சரியா, தவறா, சொல்ல முடியாதா? பல பிள்ளைகள் அவசரத்தில் "சரி" என்பார்கள். விடை, "சொல்ல முடியாது" என்பதே. மற்றப் பாதி எங்கிருந்து வந்தது, அது பருத்தியா அல்லவா என்று வாசகம் சொல்லவில்லை. "குறைந்தது பாதி வேட்டிகள் பருத்தி" என்று கூற்று இருந்தால் அது சரி. சரக்கு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த வியாபாரிக்கு இது புதிதல்ல. தாளில் எழுதியிருப்பதற்கு மேல் ஒன்றும் கூட்டக் கூடாது, ஒன்றும் குறைக்கக் கூடாது. இந்த ஒரு பாடத்தை அத்தாமார்களே கடையில் உட்கார்ந்து தம் ஒப்பந்தங்களைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

மூன்றாவது, படிக்கும் பழக்கம் குறுகியிருப்பது. பாடப் புத்தகமும் குறிப்பேடும் தவிர வேறொன்றும் படியாத பிள்ளைக்குச் சரித்திரம், பொருளாதாரம், கலை பற்றிய வாசகம் வந்தால் கண் தடுமாறும். இது ஒரு மாதத்தில் தீரும் குறையல்ல. ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கமும் நீண்ட கட்டுரையும் தினமும் அரை மணி நேரம், வருடக் கணக்கில் படிக்க வேண்டும். மகன் பரீட்சைக்கு நிற்கும் வருடத்தில் அல்ல, பதினான்கு பதினைந்து வயதிலேயே இதைத் தொடங்கி வைப்பது தகும்.

எந்தக் காரணம் என்று அறிவது எப்படி? பரீட்சை நடத்துவோர் மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஒரு மாதிரியை நேரம் வைத்தும், இன்னொன்றை நேரம் வையாமலும் எழுதச் சொல்லுங்கள். நேரம் வையாதபோது புள்ளி நன்றாக உயர்ந்தால் குறை வேகத்தில் இருக்கிறது. உயராவிட்டால் குறை படிப்பதில் இருக்கிறது. தப்பான ஒவ்வொரு விடையையும் சிட்டையில் குறித்து, தப்பின் காரணத்தை எதிரே எழுதி வந்தால் இரண்டு வாரத்தில் நோய் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு தனி வகுப்பு அவசியமா என்று யோசிக்கலாம். நோய் தெரியாமல் மருந்துக்குச் செலவழிப்பானேன்?

மறுபடியும் எழுதுவதா?

யூகேட் பரீட்சையை ஒரு பருவத்தில் ஒருமுறைதான் எழுதலாம். பிரிட்டனைப் பொறுத்தவரை அந்தப் புள்ளி அந்தப் பருவத்து விண்ணப்பத்துக்கே செல்லும். மறுபடி எழுதுவதென்றால் அடுத்த வருடம் வரை பொறுக்க வேண்டும். 2025-ல் பிரிட்டனுக்கு வெளியே எழுதக் கட்டணம் 115 பவுன். கட்டணம் பெரிதல்ல; வருடமே பெரிது. காரணம் தெரிந்து, அதற்கான பயிற்சி நடந்து, நேரம் வைத்து எழுதிய மாதிரிகளில் புள்ளி தொடர்ந்து உயர்ந்து வந்தால் மறுபடி எழுதுவது லாபம். காரணமே தெரியாமல் "அடுத்த முறை அதிர்ஷ்டம் வரும்" என்று எழுதுவது, விற்காத சரக்கையே மறுபடி கொள்முதல் செய்வதற்கு ஒப்பாகும்.

இன்னொரு எச்சரிக்கை. பரீட்சையன்று உடல் நலம் இல்லாவிட்டால் முன்னதாகவே நாளை மாற்றிக் கொள்ள வேண்டும். எழுதி முடித்த பின் காய்ச்சலைக் காரணம் சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது வாசல்

சிங்கப்பூரில் மூன்றாவது வைத்தியக் கல்லூரி ஒன்று இருக்கிறது. டியூக்-என்.யூ.எஸ். என்ற அது 2007-ம் ஆண்டில் முதல் மாணாக்கரைச் சேர்த்தது. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களையே அது எடுக்கிறது. படிப்பு நான்கு வருடம். இன்று இடம் கிடைக்காத பிள்ளை வேறொரு பட்டம் முடித்து அவ்வழியாக வரலாம். அங்கே கேட்பது எம்கேட் அல்லது கேம்சாட் பரீட்சை.

எம்கேட் அமெரிக்கப் பரீட்சை. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை புள்ளி, மொத்தம் 472 முதல் 528 வரை. மூன்று பகுதிகள் பௌதிகம், இரசாயனம், உயிரியல், உளவியல், சமூகவியல் பற்றியவை. நான்காவது முழுவதும் வாசகப் பகுதியே: 90 நிமிடத்தில் 53 கேள்விகள், வெளி அறிவு எதுவும் தேவையில்லை. இதை வருடத்தில் மூன்று முறையும், அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் நான்கு முறையும், ஆயுளில் ஏழு முறையும் எழுதலாம். வாசகம் படிப்பதில் உள்ள குறையைப் பதினெட்டு வயதில் தீர்க்காத பிள்ளை, இருபத்திரண்டு வயதில் இரண்டாவது வாசலுக்கு வந்தாலும் அதே குறையையே அங்கும் சந்திக்கும்.

தரகரிடம் போகுமுன்

பரீட்சைப் புள்ளியே கேட்காத வெளிநாட்டுக் கல்லூரிகள் பல உண்டு. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆனால் அங்கே பெற்ற பட்டம் இங்கே செல்லுபடியாகுமா என்பதே கேள்வி. சிங்கப்பூர் வைத்திய மன்றம் அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரிகள் முன்பு 160 ஆக இருந்தன. 2019-ல் அறிவித்து, 2020-ம் ஆண்டு முதல் அதை 103 ஆகக் குறைத்தார்கள். 2025-ல் ஒன்பது கல்லூரிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. பட்டியல் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். மலேசியாவில் 1971-ம் ஆண்டின் வைத்தியச் சட்டப்படி பதிவு செய்வது மலேசிய வைத்திய மன்றம். பிள்ளை எந்த நாட்டில் தொழில் செய்ய எண்ணுகிறதோ அந்த நாட்டு மன்றத்தின் பட்டியலைத் தகப்பனார் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும். தரகர் காட்டும் நகலை நம்பிப் பணம் கட்டலாகாது.

வீட்டார் செய்ய வேண்டியது

முடிவு வந்த வாரத்தில் பிள்ளைக்கு வேண்டியது ஏச்சும் அல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியும் அல்ல. முதலில், "உனக்கு உண்மையிலேயே வைத்தியராக விருப்பமா?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். குடும்பத்தின் பெருமைக்காக மட்டும் எழுதிய பரீட்சையென்றால் குறைந்த புள்ளி அதைச் சொல்லிக் கொள்ள ஒரு சந்தர்ப்பமாகவும் அமையும். அப்படிச் சொல்லும் பிள்ளையைக் கோபிக்கலாகாது. விருப்பம் உண்மையென்றால் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்கும் பிள்ளையையே விடை எழுதச் சொல்லுங்கள்: சராசரிக்கு எவ்வளவு குறைவு, எந்தக் கல்லூரிகள் அந்தப் பகுதியைத் தனியே பார்க்கின்றன, குறைந்த காரணம் வேகமா, பழக்கமா, வாசிப்பா.

அந்தத் தாள் நிரம்பும் வரை எவரிடமும் முன்பணம் கட்ட வேண்டாம் என்றும், பிள்ளையின் படிப்பைப் பற்றி எந்த முடிவையும் எடுக்க வேண்டாம் என்றும் நம் வர்த்தக சகோதரர்களைக் கேட்டுக் கொள்கிறோம். இவ்வழியில் ஏற்கெனவே போய் வந்த குடும்பத்தினர் நம் அங்கத்தினர்களிடையே இருப்பார்கள். அவர்கள் இவ்வாண்டு எழுதும் பிள்ளைகளை ஒரு மாலை நேரம் அழைத்துப் பேசினால் அது பேருதவியாக இருக்கும்.